பச்சை விளக்குக்குப் போன் போடுங்கள்

கண்காணிப்பு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சென்னைக் கிளையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்பது. தமிழில் எழுதுவதை மொழிப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கொல்கத்தாவில் இருக்கும் மனிதவளத் துறை படித்துவிடும். தமிழில் எழுதினால் அவர்கள் கண்ணுக்கு இது வரிசையாகப் போட்ட ஜிலேபி. அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

நான் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்து, பாலிகஞ்சில் குடித்தனம் நடத்தி, நியூ டவுனில் வேலை பார்த்தவள். வேலை என்ன என்று பாலிகஞ்சில் பக்கத்து வீட்டு மாசிமாவுக்கு, அதாவது சித்தி முறை வைத்து நான் கூப்பிடும் அம்மாளுக்கு, பல வருஷம் விளக்கியும் புரியவில்லை. ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகள், ரவுட்டர்கள், சர்வர்கள், குளிர்பெட்டிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த மென்பொருளை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றேன். "அப்ப உங்களை யார் பாக்கறாங்க?" என்று கேட்டாள். எந்தத் தணிக்கையாளரும் அவ்வளவு நல்ல கேள்வியை எங்களிடம் கேட்டதில்லை.

உங்கள் முன்னால் இருக்கும் பெரிய சுவர்த்திரையில் பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு. பயிற்சியில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று அவர்களே ஐந்து நாள் பாடம் நடத்திவிட்டதால் அதில் நான் தலையிடவில்லை. எனக்குப் பயம் பச்சையிடம்தான்.

இந்தப் பயத்தை எனக்கு ஊட்டியவள் எங்கள் ஷிப்ட் லீட், அதாவது குழுத்தலைவி. பெயர் வேண்டாம், போட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வங்காளத்துப் பெண், ஜாதவ்பூரில் வீடு. வாய் திறந்தால் பாதி கெட்ட வார்த்தை, மீதி உத்தரவு. என்னை மட்டும் 'வசந்தாதி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் திட்டுவாள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் கிளை நாள் பூராவும் பச்சையாகவே இருந்தது. சாயங்காலம் பார்த்தால் அங்கே எல்லாம் செத்துக் கிடந்தது. அங்கிருந்து நிலவரம் சொல்லவேண்டிய நிரலும் சேர்ந்து செத்திருந்ததால், அது கடைசியாகச் சொன்ன நல்ல செய்தியையே எங்கள் சுவர் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பச்சை விளக்குக்குப் போன் போட்டு, எடுப்பவரிடம் "சா கேயேசென்?", அதாவது டீ குடித்தாயிற்றா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். பதில் வந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது.

நாங்கள் கேலி செய்தோம். லட்சணமான மென்பொருள் இருக்க, டீ குடித்தாயா என்று கேட்பது என்ன தொழில்நுட்பம் என்றோம். அவள் சொன்ன பதிலில் அச்சிடத்தக்க பகுதி இது: பச்சை விளக்கு ஒரு வதந்தி, வதந்தியை யாரிடமாவது கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இனி பூஜை விஷயத்துக்கு வருகிறேன். துர்கா பூஜையில் அஷ்டமியன்று பகல் ஷிப்ட் வருஷா வருஷம் எனக்குத்தான். நீ தமிழச்சி, உனக்கு ஏது பூஜோ என்பார்கள். சரி, தீபாவளிக்கு விடுங்கள் என்றால், அன்றுதான் எங்களுக்குக் காளி பூஜை என்பார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பொங்கலன்று லீவு கேட்டால் ஆகட்டும் என்று தாராளமாகத் தருவார்கள். நியூ டவுனில் பொங்கலன்று நான் எங்கே போவது?

பூஜைக்கு முன்னால் எங்களிடம் ஒரு சடங்கு உண்டு. அலுவலகங்கள் மூடும்போது மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவார்கள். அணைத்ததும் எங்கள் சுவர் முழுக்கச் சிவப்பு. அதற்காகப் பஞ்சமி சாயங்காலம், மூடப்போகும் இடங்களையெல்லாம் 'பராமரிப்பு' நிலையில் போட்டுவிடுவோம். இங்கே என்ன நடந்தாலும் எங்களை எழுப்பாதே என்று மென்பொருளிடம் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். பூனை கண்ணை மூடிக்கொள்கிற அதே வித்தை, கொஞ்சம் விலை உயர்ந்தது.

பராமரிப்பில் இருப்பவை சுவரில் சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். மென்பொருள் வந்தபோது அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் பார்வையிட வந்த சமயம், சாம்பல் சாவு வீடு மாதிரி இருக்கிறது என்று எங்கள் பெரியவர் ஒருவருக்குத் தோன்றிவிட்டது. அதையும் பச்சையாக்கச் சொன்னார். இளம்பச்சை. சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவர் பின்னாளில் பதவி உயர்வு பெற்றுப் பெங்களூர் போனார். அங்கே என்னென்ன நிறம் மாறியதோ எனக்குத் தெரியாது.

நான் சொல்லவந்த வருஷம் அந்தச் சடங்கைச் செய்தவன் அனிர்பன். நல்ல பையன், வேலை தெரிந்தவன், அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கீழே நண்பர்கள் காருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் எல்லாம் பூஜைக்கு மூடுகின்றன என்று தகவல். அவன் ஒவ்வொரு கருவியாகத் தேர்வு செய்யாமல் கட்டடம் கட்டடமாகத் தேர்வு செய்தான். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஷ்யாம்பஜார் பக்கம் இருந்த ஒரு கட்டடத்தில் கீழ்த்தளம்தான் பரிசோதனை நிலையம். மாடியில் தலசீமியா குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றும் சின்ன மருத்துவப் பிரிவு ஒன்று அந்த மழைக்காலத்தில்தான் குடிவந்திருந்தது. கட்டடம் தூங்கியபோது மாடியும் சேர்ந்து தூங்கியது.

அந்த மாடி எனக்குத் தெரியும். கீழே காவலுக்கு இருக்கும் ஹாருதாவுக்கு நான் அடிக்கடி டீ போன் போடுவேன். பக்கத்துக் கடையில் என்ன மிட்டாய் போட்டிருக்கிறார்கள் என்பதை அவரைப் போல விவரிக்க ஆள் கிடையாது. மாடிக்கு வரும் குழந்தைகளைப் பற்றியும் சொல்வார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புது ரத்தம் ஏறினால்தான் அவர்கள் நடமாட முடியும். நோய் பூஜைக்கு லீவு எடுக்காது, ஆகவே நவமியன்று பிரிவு திறந்திருக்கும், ஏழெட்டுக் குழந்தைகள் வருகிறார்கள், அவர்களுக்கான ரத்தம் முன்கூட்டியே சேர்த்து மாடிக் குளிர்பெட்டியில் வைத்தாயிற்று என்று அவர்தான் சொல்லியிருந்தார். பூஜை சமயத்தில் ரத்ததான முகாம் எதுவும் நடக்காது. ஊரெல்லாம் ரத்தத்துக்குப் பஞ்சம். அந்தப் பைகள் கெட்டால் வேறு பைகள் கிடையாது.

அஷ்டமி காலை. கண்காணிப்பு அறையில் நான் மட்டும். சுவர் முழுக்கப் பச்சை, மழைக்குப் பிறகு மைதானம் பார்த்த மாதிரி. ஹாருதாவுக்குப் போன் போட்டேன். அந்தக் கட்டடத்துக்கு ஒட்டினாற்போல் பூஜைப் பந்தல். ஒலிபெருக்கியில் பூப்போட்டுக் கும்பிடும் அஞ்சலி மந்திரம், கூடவே டாக் மேளம், அவர் குரல் நடுவில் எங்கோ கேட்டது. டீ குடித்தாயிற்று, பூரியும் ஆயிற்று என்றார். அப்புறம் போகிற போக்கில் சொன்னார்:

"மேல ஏதோ ஒண்ணு காலைலேர்ந்து பீ பீன்னு கத்துது, தீதி. பந்தல்ல பசங்க ஊதற பீப்பின்னு விட்டுட்டேன்."

மேலே என்றால் எங்கே என்றேன். ரத்தம் வைக்கிற அறை பக்கம் என்றார். அறை பூட்டியிருக்கிறது, சாவி டெக்னீசியனிடம், அவர் நாளைக் காலைதான் வருவார்.

சுவரைப் பார்த்தேன். பச்சை. எனக்குத் திட்டத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அப்போது அங்கே இல்லை.

ஹாருதாவிடம், பந்தலுக்குப் போய் ஒரே ஒரு நிமிஷம் மைக்கை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அஷ்டமி அஞ்சலியின் நடுவில் மைக்கை நிறுத்தச் சொல்வது கொல்கத்தாவில் எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்குப் புரியாது. கல்யாணத்தில் தாலி கட்டும்போது மேளத்தை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அவர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் காதில் போனை இடுக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்தின் விவரத்தைத் திரையில் தோண்டினேன். இளம்பச்சை. பராமரிப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் குளிர்பெட்டி தன் வெப்பநிலையைத் தவறாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நாங்கள்தான் வாயைக் கட்டியிருந்தோம். அந்தப் பெட்டியில் ஆறு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பத்தைத் தாண்டினால் ரத்தத்தைக் கொட்டிவிட வேண்டும். எட்டு காட்டியது. ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது ஒலிபெருக்கி நின்றது. மேளமும் நின்றது. அந்த அமைதியில், ஊரின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த எனக்கும் போன் வழியாக மெல்லக் கேட்டது. பீ பீ பீ.  ஏழெட்டுக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. வெறும் சத்தம்தான், ஆனால் இன்றைக்கும் எங்கேயாவது மைக்ரோவேவ் கத்தினால் நான் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் வாடிக்கையாளரைக் கவனிக்கும் நம் மேலாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் நம் ஊர்க்காரர். எல்லோரிடமும் ஆங்கிலம், என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால். விஷயத்தைச் சொன்னேன். பராமரிப்பை உடனே எடுத்துவிடப் போகிறேன், எடுத்தால் எச்சரிக்கை தானாகவே அந்த மருத்துவமனையில் அவசரத்துக்கு எழுப்பவேண்டியவர்களின் மொத்த அழைப்பு வரிசைக்கும் போகும் என்றேன். முதலில் "ஓ காட்" என்று ஆங்கிலம் வந்தது. பிறகு தமிழ் வந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. அவங்க டைரக்டர் வரைக்கும் போன் அடிக்கும். ரத்தத்தையே தூங்கப் போட்டுட்டோம்னு தெரிஞ்சா நாளைக்கு நமக்கு அங்க இடமே கிடையாது. அனிர்பன் வேலையும் போயிடும், பாவம். அந்த டெக்னீசியன நானே புடிச்சு அனுப்பறேன். நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருடைய உத்தியோகத்தில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. டெக்னீசியன் கிடைத்துவிட்டால் ரத்தமும் பிழைக்கும், பையனும் பிழைப்பான், ஒருவருக்கும் தெரியாது. அந்த யோசனையில் நான் கொஞ்சம் சாய்ந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். உங்கள் பாஷையில், பாசமாக, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வரும்.

நல்லவேளையாக, பராமரிப்பை எடுக்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. ஆகவே லீட்டைக் கூப்பிட்டேன். ஊரே உபவாசமிருக்கும் அஷ்டமி காலையில் அவள் முட்டை ரோல் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுகிற சத்தம் கேட்டது. மேலாளரையும் இணைப்பில் சேர்த்தேன். அவர் தமிழிலேயே தொடர்ந்தார். லீட்டுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள். டெக்னீசியன் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார் என்றேன்.

மெல்லுவது நின்றது. இதுவரை நான் கேட்டவற்றிலேயே கெட்ட வார்த்தை கலக்காத அவளுடைய ஒரே பேச்சு இதுதான்: "டெக்னீசியன் ஒரு ஆள், வசந்தாதி. வரிசையில எத்தனை பேர் இருக்காங்க, யார்கிட்ட இன்னொரு சாவி இருக்கு, யார் வீடு பக்கத்துல இருக்கு, நமக்குத் தெரியுமா? தெரியாது. அப்ப எல்லாரையும் எழுப்பு. வெக்கம் நம்மோடது, ரத்தம் அவங்களோடது."

பராமரிப்பை எடுக்கக் கணினியில் நான் அனுமதி கேட்டேன், அவள் தன் போனிலிருந்து சம்மதித்தாள். சுவரில் ஷ்யாம்பஜார் சிவந்தது.

அதற்குப் பிறகு என் மேஜைமேல் இருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. டைரக்டர் கத்தினார். டைரக்டருக்கு மேலே இருந்தவர் கத்தினார். யாரோ ஒரு பெண் தான் குழுமத்தின் கணக்குப் பிரிவு என்றும், தன்னை ஏன் எழுப்பினீர்கள் என்றும் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன்: ஆமாம், தப்பு எங்கள் பக்கம், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களில் யாரிடம் மாடிச் சாவி இருக்கிறது?

வரிசையின் கடைசியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். மேலாளருக்கு அவரைத் தெரியாது, டெக்னீசியனைத் தவிர இன்னொரு சாவி உண்டு என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் வீடு பின் சந்து. அந்த நேரத்தில் அவர் அதே பந்தலில், அஞ்சலி வரிசையில், கையில் பூவோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிஷத்துக்கென்று நிறுத்திய மைக்கை ஹாருதா அதுவரை ஓடவிடாததால்தான் பைக்குள் போன் அடித்தது அவருக்குக் கேட்டது. பூவைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடிச் சாவியை எடுத்து வந்திருக்கிறார்.

பிறகு நடந்ததெல்லாம் ஹாருதாவின் நேர்முக வர்ணனையாகத்தான் எனக்குக் கிடைத்தது. நர்ஸ் அம்மா உள்ளே போய்விட்டார். பைகளை ஐஸ் வைத்த பெட்டிக்கு மாற்றுகிறார். பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் தெருவில் அஷ்டமிக் கூட்டம், ஆம்புலன்ஸ் சந்து முனையிலேயே நிற்கிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கயிறு பிடித்து நிற்கும் பந்தல் தொண்டர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அம்மன் தரிசனத்துக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தெரு நெடுக இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நடுவில் பெட்டிகளை விட்டார்களாம். வரிசையில் நின்றவர்கள் விஐபி யாரோ வருகிறார் என்று கடுப்பாகி முணுமுணுத்தார்களாம்.

கடைசியாக நர்ஸ் அம்மாவே போனை வாங்கினார். மூச்சு வாங்கியது. "ஒன்பதுக்கு மேல போகல. ரத்த வங்கி டாக்டர் பாத்துட்டு முடிவு சொல்வார். ஆனா தப்பிச்சோம்னு நெனைக்கறேன்" என்றார். சற்று நேரம் கழித்து டாக்டரும் அதையே சொன்னார். நான் ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த ஒவ்வொரு இளம்பச்சையாகத் திறந்து பார்த்தேன்.

பூஜை முடிந்த பிறகு நடந்த கூட்டத்தை நீட்டி முழக்க விரும்பவில்லை. எங்கள் ஆட்கள் 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பச் சூழல்' என்று ஒரு வாக்கியத்தை நெய்து எடுத்து வந்திருந்தார்கள். லீட் அதை வாசிக்க விடவில்லை. உங்கள் ரத்தப் பெட்டியை நாங்கள் தூங்கப் போட்டோம், கட்டடம் கட்டடமாகத் தேர்வு செய்வது எங்கள் எல்லோருடைய பழக்கம், ஒரு பையனுடைய குற்றம் அல்ல என்றாள். டைரக்டர் அரை மணி நேரம் எங்களைக் காய்ச்சி எடுத்தார். ஆனால் எங்களை வெளியே அனுப்பவில்லை. எங்களைவிட மலிவாக வேறு யாரும் கிடைக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அனிர்பன் வேலையில் இருந்தான், இன்றைக்கும் இருக்கிறான், கட்டடத்தை மொத்தமாகத் தேர்வு செய்யும் யாரையாவது கண்டால் சாமியாடுவான். இளம்பச்சை ஒழிந்து, பராமரிப்புக்கு ஒரு கேடுகெட்ட ஊதா நிறம் வந்தது. உங்கள் திரையில் இப்போது கண்ணைக் குத்துகிறதே, அதுதான். வாடிக்கையாளர் வரும்போது அதை மாற்றச் சொன்னால், என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள். ஓய்வு பெற்றவளை அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

நவமி காலையைச் சொல்லாமல் கூட்டத்துக்குத் தாவிவிட்டேன். அன்றும் ஷிப்ட் எனக்குத்தான். மாடிப் பிரிவுக்கே நேராகப் போன் போட்டேன். ரத்தம் திரும்பி வந்துவிட்டது, குழந்தைகளுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் அம்மா சொல்லிவிட்டு வேறு அவசரமாகப் போனார். போனை ஒரு குழந்தையின் அப்பா எடுத்துக்கொண்டார். முந்தின நாள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஆபீஸ் பேசுகிறது என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க" என்றார், நல்ல கோபத்தில். "இங்க டிவி ஓடல. எம்பொண்ணு ரெண்டு மணி நேரம் கையில ஊசியோட ஒரே பக்கமா படுத்திருக்கணும். கார்ட்டூன் இல்லாம எப்படிப் படுப்பா? எல்லாத்தையும் பாத்துக்கறோம்னு சொல்றீங்க, என்னத்தத்தான் பாக்கறீங்க?"

பின்னால் ஒரு சிறுமி, கார்ட்டூனா, வேறு எதுவோ தெரியவில்லை, உரத்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். தெம்பான குரல்.  மன்னிக்கச் சொன்னேன். டிவி எங்கள் வேலையே இல்லை. எங்கள் மென்பொருளில் அது கிடையவே கிடையாது. இருந்தாலும் புகார் பதிவு செய்தேன், ரத்தப் பெட்டிக்குக் கொடுக்கும் அதே முதல்நிலை அவசரத்தில். ஏன் என்று கேட்டு மேலாளர் எழுதியிருந்தார். தமிழில் பதில் போட்டேன்: குழந்தை காத்திருக்கிறது.